கணக்கைச் சுவரில் எழுதுங்கள்

வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வாட்ஸப் செய்தி வந்துவிடும். 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதினைந்து படுக்கை வசதியோடு மருத்துவமனை நடத்தினான் தமிழன், பகிருங்கள்.' கூடவே ஏதோ ஒரு கோபுரத்தின் படம், பெரும்பாலும் தஞ்சாவூர்தான். செய்தி பொய்யில்லை, படம்தான் தப்பு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 1068-69 வாக்கில் வெட்டியது. 55 வரிகள். நோட்டுப் புத்தக வரி என்று நினைத்துவிட வேண்டாம், சுவரில் நீண்டு ஓடுகிற வரிகள்.

பெருமைப்பட ஆள் நிறைய இருக்கு. வாசிக்கத்தான் ஆள் இல்லை. வாசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். தொடக்கத்தில் வழக்கமான மெய்க்கீர்த்தி: அரசன் யாரையெல்லாம் வென்றான், யார் தலையைக் கொய்தான். அது முடிந்ததும் கல்வெட்டின் குரல் மாறிவிடுகிறது. புலவர் எழுந்து போய்விட, அவர் இடத்தில் ஒரு கணக்குப்பிள்ளை வந்து உட்காருகிறார். 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலைக்குப் பதினைந்து கட்டில். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. சல்லியக்கிரியை செய்பவருக்கு, அதாவது அறுவை வைத்தியருக்கு, 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு பேர். நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஒருவர். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். பிறகு ஓராண்டுக்கு இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகள்: வாசா ஹரிதகி, கோமூத்திர ஹரிதகி, தசமூல ஹரிதகி, பில்வாதி கிருதம், புராண கிருதம், கல்யாண லவணம் என்று சுமார் இருபது பெயர்கள். பக்கத்திலேயே கல்விச்சாலையின் கணக்கு: ரிக் வேதத்துக்குப் பத்து மாணவர், யஜுர் வேதத்துக்குப் பத்து, வியாகரணத்துக்கு இருபது. விடுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட ஒதுக்கீடு உண்டு.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், மருத்துவமனை இருந்ததைவிட அதன் வரவு செலவு சுவரில் இருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வைத்தியருக்கு 90 கலம் என்று கல்லில் இருக்கும்போது, 60 கலம் கொடுத்துவிட்டு மீதியை யாராவது சுருட்டினால், வாசிக்கத் தெரிந்த எவரும் சுவரைக் காட்டிக் கேட்கலாம். மருந்து இல்லை என்று கைவிரித்தால், 'இருக்க வேண்டிய மருந்துப் பட்டியல் இதோ' என்று விரலை நீட்டலாம்.

இப்போது இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'தனிநபர் சாராத தரவு.' யார், எவர் என்று சொல்லாத தகவல். மழை எவ்வளவு பெய்தது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது, கிடங்கில் எத்தனை மருந்து இருக்கிறது, தறியில் எத்தனை சேலை இறங்குகிறது. இதைப் பொதுநன்மைக்காக எப்படி நிர்வகிப்பது, எப்படிப் பகிர்வது என்று சில வருடங்களாக டெல்லியில் காகிதம் காகிதமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என் புகார் எளிமையானது. திறந்து வைக்க வேண்டியதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஜனங்களின் கையில் விட்டுவைக்க வேண்டியதைத் திறந்து கடைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

பீரோ எந்த ஊரில்?

பூட்டி வைத்ததிலிருந்து தொடங்குவோம். திருமுக்கூடல் கல்வெட்டு அதிர்ஷ்டம் செய்தது. 1915இல் கல்வெட்டுத் துறை அதைப் படியெடுத்தது. அந்த ஆண்டின் 182ஆம் எண். முழு வாசகமும் கே. வி. சுப்பிரமணிய ஐயரின் பதிப்பில் 'எபிகிராஃபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் வந்தது. அந்தத் தொகுதி 1931-32க்கு உரியது. அதிர்ஷ்டசாலிக் கல்வெட்டுக்கே பதினாறு வருடக் காத்திருப்பு. மற்றவற்றின் கதி? ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கம்: இன்ன ஊர், இன்ன அரசன், விளக்குக்கு ஆடு கொடுத்தது. அவ்வளவுதான். முழு வாசகம் அச்சேறாமல் பல தலைமுறையாகக் காத்திருப்பவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அந்தப் படிகளுக்கு மைப்படி என்று பெயர். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுப்பது. தாளில் இருக்கும் எழுத்துதான் பல ஊர்களில் இன்று மிச்சமிருக்கும் ஒரே எழுத்து. சுவரைப் பிரித்துத் திருப்பணி செய்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், மணல்வீச்சால் 'சுத்தம்' செய்தார்கள். கல் போய்விட்டது. தாள் இருக்கிறது. தாள் எங்கே? 1886இல் ஹுல்ஷ் கல்வெட்டு ஆய்வாளராகச் சென்னையில் வேலையைத் தொடங்கினார். அலுவலகம் பிறகு ஊட்டிக்குப் போனது, 1966இல் மைசூருக்குப் போனது. கூடவே தாள்களும் போயின.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் மைசூரிலிருந்து சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புதான். தாள்கள் பாழாகின்றன என்ற கவலையில் வழக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் நாம் சமூக வலைத்தளங்களில் என்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். கன்னடத்துக்காரன் பூட்டி வச்சிட்டான், தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருது, வெற்றி! எந்த ஊர் பீரோவில் பூட்டுவது என்பதுதான் சண்டையாக இருந்தது. பீரோவுக்கு ஏன் பூட்டு என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு தாளையும் முழுத் துல்லியத்தில் படமெடுத்து, ஊர்ப் பெயரோடும் அட்சரேகை தீர்க்கரேகையோடும் இணையத்தில் போட்டுவிட்டால் மைசூர் என்ன, சென்னை என்ன? திருநெல்வேலியில் ஒரு கல்லூரி மாணவி ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் திறந்து தன் ஊர்க் கல்வெட்டை வாசிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் வாசிக்கலாம்.

2023 மத்திய பட்ஜெட்டில் கல்வெட்டுகளுக்கென்று ஒரு பொதுத் தரவுக் களஞ்சியம் ஹைதராபாத்தில் அமையும், முதல் கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகள் டிஜிட்டல் ஆகும் என்று அறிவித்தார்கள். வரவேற்கிறேன். சந்தேகமும் படுகிறேன். டிஜிட்டல் ஆவதும் பொதுவாவதும் வேறு வேறு. தபால்தலை அளவுப் படத்தின் நடுவில் குறுக்காகத் துறையின் முத்திரையைக் குத்தி, உள்நுழைய ஓடிபி கேட்டு, தரவிறக்க அனுமதிக் கடிதம் கேட்டால், அதுவும் பீரோதான். கண்ணாடிக் கதவு போட்ட பீரோ.

மைப்படியில் தனிநபர் ரகசியம் கிடையாது. ராணுவ ரகசியம் கிடையாது. வியாபார ரகசியம் கிடையாது. மக்கள் பணத்தில் எடுத்தது. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் வெயிலில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிய ஒன்றை, நூறு வருடத்துக்கு முன்னால் தாளில் ஒற்றி, இருட்டில் வைத்தோம். காவலுக்குப் போட்ட ஆள் மெதுவாக சொந்தக்காரன் ஆகிவிடுகிற பழைய கதைதான் இது.

எண்ணெய் என்று சொன்னவர்கள்

இனி கடைக்கு அனுப்பும் கதை. 2019 செப்டம்பரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. தலைவர் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன். 2020 ஜூலையில் முதல் அறிக்கை. டிசம்பரில் திருத்திய அறிக்கை. இரண்டையும் வாசிக்கலாம், கிடைக்கின்றன. அவற்றில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒரு சமூகத்தின் வாழ்க்கையிலிருந்து பிறக்கும் தரவின் மேல் அந்தச் சமூகத்துக்கு உரிமை உண்டு. சில பெரிய கம்பெனிகள் மட்டும் அதைச் சேர்த்து வைத்துக் கொழுப்பது சரியில்லை. இதை அரசுக் குழு ஒன்று எழுதியதே பெரிய விஷயம்.

ஆனால் அடுத்த கேள்வியில் வண்டி சறுக்குகிறது. சமூகம் என்றால் யார்? பொது நலனோ நோக்கமோ இணைத்து, சமூக அல்லது பொருளாதார உறவில் இருக்கும் எந்தக் குழுவும் என்கிறது அறிக்கை. அதாவது நெசவாளரும் சமூகம், சேலைக்கடை முதலாளிகளின் சங்கமும் சமூகம். அந்தச் சமூகத்தின் சார்பில் தரவைக் கேட்டு வாங்கி வைத்திருப்பது யார்? 'தரவு அறங்காவலர்.' அரசு அமைப்பாகவோ, லாப நோக்கமற்ற கம்பெனி, சங்கம், அறக்கட்டளையாகவோ இருக்கலாம். அந்த அறங்காவலரை நெசவாளர் எப்படித் தேர்ந்தெடுப்பார், எப்படித் தூக்கி எறிவார்? அங்கே அறிக்கையின் குரல் கம்மிவிடுகிறது. அறங்காவலர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரனுக்குக் கோயில் நிலம் ஞாபகம் வந்துவிடும். அதன் வரலாறு நமக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை.

தேதி ஒன்றைச் சொல்கிறேன். சமூகத்தின் தரவு உரிமை பற்றிய முதல் அறிக்கை வந்தது 2020 ஜூலை. அதே ஜூலை மாதக் கடைசியில் ஜவுளி அமைச்சகம் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. நெசவாளர் தரப்பிலிருந்து ஆட்கள் உட்கார்ந்து பேச டெல்லியில் இருந்த ஒரு நாற்காலியும் போனது. ஒரு அமைச்சகம் 'சமூகத்துக்கு உரிமை' என்று எழுதிக்கொண்டிருக்கையில் இன்னொரு அமைச்சகம் அந்தச் சமூகத்தின் வாயை மூடிக்கொண்டிருந்தது. சதி என்று சொல்லவில்லை. ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது என்பதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

சந்தைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறார்கள். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகள். கம்பெனிக்கு வருடம் மூன்று கோடி ரூபாய், கல்வி நிறுவனத்துக்கு ஐந்து லட்சம். 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்தத் தரவு போனதாகவும், 65 கோடி ரூபாய் வருமானம் வந்ததாகவும் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். பெயரை எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறோம் என்றார்கள். வேறு பட்டியலோடு ஒட்டிப் பார்த்தால் பெயர் திரும்பி வந்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் கத்தினார்கள். 2020 ஜூனில் கொள்கையைக் கைவிட்டார்கள். வெளியே போன தரவு? போனது போனதுதான். பால் கறந்தபின் மடிக்குத் திரும்பாது.

இதில் கவனிக்க வேண்டியது விலைப்பட்டியல். பொதுநன்மை என்றால் கிராமத்து ஆள் கேட்டால் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இங்கே ஐந்து லட்சத்துக்குக் கீழே வாசலே கிடையாது. எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று: அமெரிக்கா தன் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை ஒரு காலத்தில் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது. 2008இல் மொத்தக் களஞ்சியத்தையும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கப்புறம்தான் உலகமெங்கும் காடு அழிவது, ஏரி சுருங்குவது, நகரம் வீங்குவது பற்றி ஏழை நாட்டு மாணவர்களும் ஆராய முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 'உயர்மதிப்புத் தரவு' என்று ஒரு பட்டியல் போட்டபோது அதில் சேர்த்தது அரசின் கையிலுள்ள வரைபடம், வானிலை, புள்ளிவிவரம் போன்றவற்றை. அவற்றை இலவசமாகக் கொடு என்று உறுப்பு நாடுகளுக்கு உத்தரவிட்டது. முதலில் அரசின் பீரோ திறக்க வேண்டும் என்பது அங்கே விதி.

ஆற்றங்கரையில் நிற்பவனுக்கு என்ன தெரியும்?

திருமுக்கூடலுக்கே வருவோம். பொங்கலை ஒட்டிய பார்வேட்டை நாளில் காஞ்சி வரதராஜர் உட்பட ஐந்து பெருமாள்கள் இங்கே கூடுவார்கள். ஜனம் திரளும். மூன்று ஆறு கூடும் இடத்தில் பெரும்பாலான மாதங்களில் கூடுவது மணல்தான். அந்த மணலும் எவ்வளவு மிச்சம் என்பது வேறு கேள்வி. ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இந்த ஆறு செத்துவிட்டது என்று இனி சொல்ல மாட்டார்கள்.

இந்த ஊரில் விவசாயம் செய்பவருக்கு என்னென்ன தெரிந்தால் வாழ்க்கை எளிதாகும்? மேலே ஆற்றில் இப்போது எத்தனை கன அடி வருகிறது. நிலத்தடி நீர் போன வருடத்தைவிட எத்தனை அடி இறங்கியிருக்கிறது. பக்கத்துக் குவாரியில் அனுமதித்த மணல் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்து வரும் நீரில் என்ன இருக்கிறது. ஒன்றிலும் தனிநபர் இல்லை. எல்லாவற்றையும் எங்கோ ஒரு அலுவலகத்தில் எவரோ ஒருவர் அளக்கிறார் அல்லது அளக்கக் கடமைப்பட்டவர். பாலாற்றுத் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அதே வேலூர்ப் பகுதி, அதே பாலாறு, அதே கழிவு பற்றி 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருடம். நீரின் அளவீடு வாராவாரம் ஒவ்வொரு கரையோர ஊரின் பஞ்சாயத்துச் சுவரிலும் ஏறியிருந்தால், இரண்டாம் தீர்ப்பு வரும்வரை ஜனங்கள் கிணற்றை நம்பிக்கொண்டு இருந்திருப்பார்களா?

தரவு தெரியாமல் போவதன் விலையை 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாற்றங்கரை கொடுத்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 29,000 கன அடி திறந்தார்கள். கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எண் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த எண் வந்தால் தண்ணீர் தன் தெருவில் எத்தனை அடி ஏறும் என்று சொல்லும் வரைபடம் அவர்கள் கையில் இல்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைத்த கணக்குத் தணிக்கை அறிக்கை அதை மனிதர் உருவாக்கிய பேரிடர் என்றே சொன்னது. அன்று வெளியே வராத எண்ணுக்கு ஜனங்கள் உயிரால் விலை கொடுத்தார்கள்.

'ஐயா, மாநிலங்களுக்கு இடையே வழக்கு இருக்கு, ஆற்று விவரத்தைப் போட முடியாது' என்பார்கள். வழக்கு இருக்கிறது. பாலாறு 1892 மதராஸ்-மைசூர் ஒப்பந்தத்திலேயே இருக்கிற ஆறு. ஆந்திரத்தில் தடுப்பணை உயரம் கூட்டியதற்காகத் தமிழ்நாடு 2016இல் உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் வழக்குப் பேசும் வக்கீல் கையில் இருக்கும் எண் தாகத்தோடு இருக்கும் ஆளின் கையில் இருக்கக் கூடாது என்றால், வழக்கு யாருக்காக?

அப்போ எல்லாத்தையும் திறந்துவிடலாமா?

கூடாது. இங்கேதான் 'திறந்த தரவு' என்று கோஷம் போடும் என் நண்பர்களோடு எனக்குச் சண்டை.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிக்கு மேலே ஒரு ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. ஆம், இல்லை. ஒன்று, பூஜ்யம். கம்ப்யூட்டருக்குத் தாத்தா அந்த அட்டை. அதற்கு முன் 'அடை' கட்டி நூலிலேயே அந்தக் கணக்கை வைத்திருந்தார்கள். அன்னம், மயில், ருத்திராட்சம், கோபுரம், எல்லாம் அந்தத் துளைகளின் வரிசைதான். யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆகவே சட்டக்காரரின் மொழியில் அதுவும் தனிநபர் சாராத தரவு, சமூகத் தரவு. பொதுநன்மைக்காகப் பகிர வேண்டியதுதானே?

பகிர்ந்தால் என்ன ஆகும்? வேறு ஊரில் விசைத்தறி முதலாளி ஒரே பகலில் அந்த உருவை பாலியெஸ்டரில் நெய்து இறக்குவார். கோர்வை போட்டு, உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் பூட்டுப் போட்டது போலச் சேர, இரண்டு ஆள் பல நாள் உட்கார்ந்து நெய்கிற சேலை அதோடு விலையில் மோத வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், உருவைக் காக்காது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. விசைத்தறிக் கூடத்துக்குள் போய்ப் பார்ப்பது யார்? வாசலைத் திறந்தால் எல்லோரும் நுழையலாம் என்பது உண்மை. லாரியோடு வருபவன் லாரி நிறைய எடுப்பான், கூடையோடு வருபவள் கூடை நிறைய எடுப்பாள் என்பதும் அதே அளவு உண்மை.

மாறாக, நெசவாளருக்கு உண்மையிலேயே வேண்டிய தரவு கம்பெனிகளிடம் இருக்கிறது. 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயரில் இணையக் கடைகள் மாதம் எத்தனை சேலை விற்கின்றன? அதில் கைத்தறி எத்தனை, சில்க் மார்க் உள்ளது எத்தனை, என்ன விலை? இதை வெளியிட்டால் போலி எவ்வளவு என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். தான் நெய்த சேலை கடையில் என்ன விலைக்குப் போனது என்பதும் தெரிந்துவிடும், கூலி பேசும்போது நெசவாளர் நிமிர்ந்து உட்காருவார். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. அவர்கள் வருமானத்தை அரசு எண்ணிவிட்டது. அவர்கள் சரக்கு ஈட்டிய லாபத்தை யார் எண்ணினார்கள்? கோபாலகிருஷ்ணன் குழுவின் யோசனை உருப்படியாக இருந்திருக்க வேண்டிய இடம் இதுதான். தரவு மேலிருந்து கீழே ஓட வேண்டிய இடம். திருத்திய அறிக்கையோ வியாபார ரகசியத்துக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. அதற்குப் பின் 2022 பிப்ரவரியில் ஒரு வரைவுக் கொள்கை, எதிர்ப்பு வந்ததும் மே மாதத்தில் இன்னொரு வரைவு. நெசவாளருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே 'திற' என்றோ 'மூடு' என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. பலமானவனின் கணக்கு பலவீனனுக்குத் தெரிய வேண்டும். பலவீனனின் சரக்கை அவனைக் கேட்காமல் பலமானவனுக்குக் கொடுக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தரவுக் கொள்கையையும் ஐந்து நிமிடத்தில் எடைபோட்டுவிடலாம்.

சோழன் வந்து காப்பாற்ற மாட்டான்

இந்த இடத்தில் யாராவது 'பார்த்தீங்களா, அந்தக் காலத்துலயே எல்லாம் இருந்துச்சு' என்று ஆரம்பித்தால் அவரையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. திருமுக்கூடல் ஆதுலர் சாலை ஊர் முழுக்கத் திறந்திருந்த ஆஸ்பத்திரி இல்லை. கோயில் ஊழியரும் அந்தக் கல்விச்சாலையின் ஆசிரியரும் மாணவரும் நோயுற்றால் பார்க்க வைத்தது. அந்த நெல்லை விளைவித்த உழவருக்கு அந்தப் பதினைந்து கட்டிலில் ஒன்று கிடைத்திருக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் ஏதும் தெரியவில்லை. கல்வெட்டு எல்லோரும் பார்க்கும்படி இருந்தது, எல்லோரும் கோயிலுக்குள் போக முடியவில்லை, போனவர்களிலும் எழுத்துத் தெரிந்தவர் சிலர்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் உத்திரமேரூர். பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பாடப்புத்தகம் கொண்டாடுவது. அதில் எனக்குப் பிடித்த விதி வேறு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமல்ல, அவன் நெருங்கிய உறவினர்களும் மறுபடி தேர்வில் நிற்க முடியாது. இன்று இதை அமல்படுத்தினால் எத்தனை குடும்பங்களுக்கு அரசியல் இல்லாமல் போகும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அதே கல்வெட்டு குடத்தில் ஓலை போட யார் தகுதி என்றும் சொல்கிறது: வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. நிலமில்லாதவர் இல்லை, பெண்கள் இல்லை, பிராமணரல்லாதார் இல்லை. கணக்குக் காட்டும் ஒழுக்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதை ஒரு சிறு வட்டத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். பழசிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒழுக்கத்தை. வட்டத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

அந்த வட்டத்தை உடைக்க நவீனத் தமிழ்நாடு சில வேலைகள் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் இது, 1997இல். குறைகள் நிறைந்த சட்டம், ஆனாலும் முதல். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், கிடங்கு இருப்புக்குக் கணினி என்று ஒரு முறையைக் கொண்டுவந்து, கேரளமும் ராஜஸ்தானும் பின்பற்றும்படி செய்தது. வீரசோழன் ஆதுலர் சாலையின் மருந்துப் பட்டியலுக்கு உண்மையான வாரிசு அதுதான், வாட்ஸப் ஃபார்வேர்ட் இல்லை.

இனி கோரிக்கை. பெரிய வார்த்தை வேண்டாம். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அரசு தானாகத் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. எப்படி வெளியிடலாம் என்று சொல்லும்போது இணையத்தைச் சொல்வதற்கு முன்பே அறிவிப்புப் பலகையைச் சொல்கிறது. சுவர்தான். சட்டத்திலேயே சுவர் இருக்கிறது. ராஜஸ்தானில் நூறு நாள் வேலையின் கணக்கைப் பஞ்சாயத்துச் சுவரில் பெயிண்டால் எழுத வைத்தார்கள். அதை எழுத எந்தத் தரவுக் கொள்கையும் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)யைச் சுருக்கி, 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. பொதுநலன் என்ற வாதம் சட்டத்தில் வேறு இடத்தில் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்கும் சுமை கேட்பவர் தலையில். வேலைக்கு வராத மருத்துவரின் வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். 'தனிநபர் தகவல், தர இயலாது' என்று பதில் எழுத ஒரு குமாஸ்தாவுக்கு இனி ஒரு நிமிடம் போதும். திருமுக்கூடல் கல்வெட்டோ வைத்தியரின் பெயர், ஊர், சம்பளம் மூன்றையும் கல்லில் வெட்டி வைத்தது. அவர் அந்தரங்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கியவர், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்த தடவை போகும்போது சுவரைப் பாருங்கள். இன்று இருப்பில் உள்ள மருந்து என்ன, இல்லாதது என்ன, எப்போது வரும் என்ற பட்டியல் அங்கே இருக்கிறதா? பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் நிலத்தடி நீர்மட்டமும், ஆற்று நீரின் தரமும், குவாரியில் எடுத்த மணலின் அளவும் இருக்கின்றனவா? நெசவாளர் சங்க வாசலில் சேலை விற்ற விலையும் நெய்தவருக்குக் கொடுத்த கூலியும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் 4ஆம் பிரிவைச் சுட்டிக் காட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்து ரூபாய் செலவு. பதில் வராது, மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் வராது, நாலு பேராகச் சேர்ந்து எழுதுங்கள். கிராம சபையில் கேளுங்கள்.

வீரராஜேந்திரனுக்கு உளியும் கல்தச்சரும் தேவைப்பட்டார்கள். நமக்கு ஒரு டப்பா பெயிண்டும் ஒரு தூரிகையும் போதும்.